சுடாத பாதம்

அக்கா,

மொட்டை மாடியில் மஞ்சள் நீரில் நனைத்த புடவை காய்கிறது. அந்த வாசனை என் மாடி வீட்டுக்குள் வந்ததுமே எனக்குச் சந்தேகம். கீழே போய் விசாரித்தேன். இந்த ஆடிக்குத் தீ மிதிக்க உங்கள் மகள் காப்புக் கட்டியிருக்கிறாள்.

நீங்கள் வீட்டுக்காரம்மா, நான் வாடகைக்கு வந்தவள். அம்பத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்றதும், "ரத்தம் உறியிற பொண்ணா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள். சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். கோவில்பதாகைக் கடைத்தெருவில் ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலே நீங்கள் நடந்துபோனீர்களே, உங்கள் கால்மேல் சந்தேகம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. எடுத்து வந்து கொடுத்தேன். "வயசாவுதுல்ல" என்றீர்கள். நான் நம்பவில்லை.

போன ஆடிக்கு முந்தின ஆடியில் எல்லாரும் தணலில் ஓடினார்கள். நீங்கள் மட்டும் காய்கறி வாங்கப் போவதுபோல் நடந்தீர்கள். ஊரே உங்கள் காலில் விழுந்தது. "சுடவே இல்லடி. அம்மா தாங்கிக்கினா" என்றீர்கள். அம்மன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை அக்கா, உங்கள் பாதத்தின்மேல்தான்.

மறுநாள் விடாப்பிடியாக ரத்தம் எடுத்தேன். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. தின்கிற சோறு சர்க்கரையாகிச் செல்லுக்குள் போய் எரிந்தால்தான் உடம்புக்குத் தெம்பு, அது உள்ளே போக இன்சுலின் வழிவிட வேண்டும், வழி கிடைக்காத சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி நரம்பையும் நுண் ரத்தக்குழாய்களையும் கெடுக்கும், காலில் உணர்ச்சியே போய்விடும் என்று படியில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்ப ஊட்டு வாசல்ல அரிசி மூட்டய வச்சிகினு உள்ள பட்டினி கெடக்குறேன்றியா?" என்று சிரித்தீர்கள். அடுத்த நொடியே, "உன் மிஷின்லதான் கோளாறு" என்றீர்கள். நம் இருவரில் யாருக்குச் சந்தேகம் அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு வீட்டுக்குள்ளேயே காலுறை போடத் தொடங்கினீர்கள். தீ மிதித்தவள் காலில் கொப்புளம் வந்தால் விரதத்தில் குறை என்று பேசுவார்களாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து புண்ணை மறைத்திருக்கிறீர்கள். புண்ணை ஆற்றும் செல்களும் அவற்றுக்கு வேண்டிய பிராணவாயுவும் ரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும். உங்கள் பாதத்துக்கு அந்த ஓட்டம் போதவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் நான் காலுறையை உருவினேன். அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள். "எரியுதுன்னு ஒரு தபா சொல்லணும்போல கீதுடி" என்றீர்கள். அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள். அம்மா கூப்பிட்டுக்கொண்டாள் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வலிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிற யாரையும் இப்போது நான் நம்புவதில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

இன்று உங்கள் மகளையும் விடவில்லை. "இன்னாக்கா, வந்ததுலேர்ந்து என் காலையே பாத்துகினு கீற?" என்றாள். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் பாதத்தில் ஓரிடத்தில் அழுத்தினேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "வலிக்குதுக்கா" என்றாள்.

அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு இன்னொரு காலையும் நீட்டச் சொன்னேன்.