தொப்பி விழுந்த முற்றம்

மச்சான்,

காலையில் புடவைப் பொதி எடுக்கக் கண்டி ரயில் நிலையத்துக்குப் போனேன். எஞ்சின் கக்கிய கரிப்புகை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ மௌத்தாகி, உன்னை மண்ணில் வைத்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. இருந்தும், அந்தப் புகைக்குள்ளிருந்து துருக்கித் தொப்பியோடு இறங்கி வருவாய் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றேன். பொதி தூக்க வந்தவன், "யாரைத் தேடுறீங்க முதலாளி?" என்றான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

அந்த நாளில் எனக்குத் தெற்குக் கடலோரக் காலி ஊரின் கோட்டைக்குள் பெண் பேசியிருந்தார்கள் அல்லவா? அந்த ஊர் வழமைப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். நானோ கண்டிக் கடையை விட்டு வரமாட்டேன் என்று நின்றேன். மகளை மலையேற்றி அனுப்ப அவள் வாப்பாவுக்கு மனமில்லை. பேச்சு அந்தரத்தில் தொங்கியது. முகம் பார்க்காத பெண் மேல் ஆசையை வைத்துவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தேன். நிக்காஹ்வுக்கு முன் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது உம்மாவின் கட்டளை. "பொண்ணு பார்க்க யாரு போறா? நாம சரித்திரம் பார்க்கப் போறோம்" என்று நீதான் என்னை ரயிலேற்றினாய்.

கோட்டை மதிலில் ஏறியதும் உனக்கு வந்ததே ஒரு பேச்சு! ஒரு பீரங்கி மேட்டைப் போர்த்துக்கேயன் கட்டினான் என்றாய். கொஞ்சம் நடந்து திரும்பி வந்து, அதையே ஒல்லாந்தன் கட்டினான் என்றாய். "நம்மட கண்டி வாவி மதில் அழகுக்குக் கட்டினது, இது பயத்துக்குக் கட்டினது" என்றது மட்டும் உருப்படியான பேச்சு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டு வீடுகளின் பின்முற்றங்கள். "புது மாப்பிள்ளே, இங்க வந்து பாரு!" என்று நீ கத்திய கத்தில் காகங்கள் பறந்தன. அப்போது அடித்த காற்று உன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முற்றத்தில் போட்டது.

அந்நிய ஆண்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தால் சும்மா விடுவார்களா? வீட்டுக்காரர் தொப்பியும் கையுமாக ஏறி வந்தார்.

"என்னத்த எட்டிப் பார்க்கிறீங்க?"

"சரித்திரம், ஹாஜியார்" என்றாய் நீ.

கண்டிக்காரர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டு, தேத்தண்ணியும், பல்லோடு ஒட்டிக்கொள்ளும் தொதல் இனிப்பும் வைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "கண்டியில புடவைக் கடை வச்சீக்கிற ஒரு பொடியன எங்கட மகளுக்குப் பேசீக்கி. அவனத் தெரியுமா?"

யா அல்லாஹ்! அப்போதுதான் ஒரு பெரிய துண்டுத் தொதலை வாயில் போட்டிருந்தேன். நீயோ கண் இமைக்காமல், "நல்லாத் தெரியும்" என்று தொடங்கினாய். "கொறட்டைக்கு ஓடு பறக்கும். விலை கேட்டு வந்தவனோட சண்டை பிடிப்பான். குளிக்கக்குள்ள பாடுவான், அயலாக்கள் பாவம்." திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. வாய் திறக்கத் தொதல் விடவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "இங்கயெண்டா மகள் எங்கட கண்ணுக்கு முன்னால ஈப்பா. கண்டியில அவன் கோவத்துல கத்தினா, அவளுக்கு யாரு ஈக்கிற?" என்றார்.

நீயும் விளையாட்டை நிறுத்தினாய். "வீட்டுக்குள்ள அவன்ட குரல் உசராது. அதுக்கு நான் சாட்சி" என்றாய்.

கலியாணத்துக்குப் பிறகுதான் அவள் சொன்னாள்: நீ "புது மாப்பிள்ளே" என்று கத்தியது முற்றத்தில் கேட்டதாம், கண்டி என்றதும் நான் யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டதாம். இவ்வளவு குற்றம் கேட்டும் வாய் திறக்காதவன் பொறுமைசாலிதான் என்று முடிவு கட்டித்தான் வாப்பா மகளைக் கண்டிக்கு அனுப்பச் சம்மதித்தாராம். தொதலுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்!

திரும்பும் ரயிலில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ தொப்பியைத் தட்டிக்கொண்டே, "மச்சான், நான் செல்லின குத்தமெல்லாம் மெய். கடைசியாச் செல்லினது மட்டும்தான் பொய். அத மெய்யாக்கிறது ஒன்ட வேல" என்றாய்.

இன்று பகல் கறியில் உப்பில்லை. கோபம் உச்சிக்கு ஏறியது. தண்ணீர் குடித்து இறக்கினேன். "என்ன, சத்தத்தையே காணல்ல?" என்று அவள் சிரித்தாள். அதே கறியை இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். நீ இருந்த காலத்தில் எப்போதாவது குரல் உயர்ந்துவிட்டால், மறுநாள் உன்னிடம் வந்து ஏச்சு வாங்கிக்கொண்டு சரிப்படுத்திக்கொள்வேன். இப்போது அதற்கு வழியில்லை. நீ போன இடத்தில் உன் சாட்சியைப் பற்றி உன்னிடம் கேட்பார்கள். அது பொய் என்று வரக் கூடாது, மச்சான். நான் இருக்கும் வரை வராது.