மாற்ற மறந்த சுவிட்ச்

ஆவணி, கடைசி வெள்ளி

அம்பாசமுத்திரம் மைக்செட் அண்ணாச்சி கோயில் கொடை விழாவுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க என் கடைக்கு வந்தார். மலிவானதில் நாதஸ்வரம் போட்டுக் காட்டினேன். பிறகு விலை கூடினதைக் கைகாட்டி, அதே நாதஸ்வரத்தை மறுபடி போட்டேன்.

"இதுல நாயனம் தேனா இழையுது வே. இதையே கட்டும்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது.

வயரைக் கழற்றப் போனபோதுதான் பார்த்தேன், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் சுவிட்சை நான் மாற்றவே இல்லை. இரண்டு தடவையும் பாடியது மலிவானதுதான். மறைத்திருந்தால் பெரிய வியாபாரம். சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி சிரித்தார். "அப்ப என் காது விலைச்சீட்டப் பாத்துல்லா கேட்டிருக்கு." மலிவானதையே வாங்கிக்கொண்டு, "இனி எல்லாச் சாமானும் உம்ம கடையிலதான் வே" என்றார்.

நெஞ்சு நிமிர்ந்துதான் கடையைப் பூட்டினேன். ஆனாலும் இருபது வருடம் இந்தக் காதை நம்பிப் பிழைத்தவன் நான். நாளை விலைச்சீட்டுகளை மறைத்துவிட்டு, முதலில் நானே உட்கார்ந்து கேட்க வேண்டும்.