நான் வாய் திறக்காத ஞாயிறு

ஜூன் 3, செவ்வாய்
தொண்டையில் கட்டியாம். "பயப்படாதீங்க, எடுத்துடலாம். ஆனா ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது" என்றார் டாக்டர். போதகரிடம் சொல்கிற பேச்சா இது?

மாலையில் சபைச் செயலாளர் வந்தார். "அந்த ஒரு மாசம் நம்ம கோயிலைப் பூட்டிட்டு எல்லாரையும் டவுன் பெரிய கோயிலுக்கு அனுப்பிடலாம் ஐயா." அங்கே ஏசி, மெத்தை வைத்த நாற்காலி. போனவர்கள் திரும்பி வருவார்களா? கோயில் அதோடு மூடியதுதான். சபையிலேயே இரண்டு பேரைப் பிரசங்கத்துக்குப் பழக்கிவிடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து படுத்தால் தூக்கம் எங்கே வருகிறது?

ஜூன் 6, வெள்ளி
பஸ் டிரைவரும் டெய்லர் அக்காவும் ஒப்புக்கொண்டார்கள். இருவரும் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்திப் பழகியவர்கள்தான். முதல் ஞாயிறு டிரைவருக்கு: புயலில் சீஷர்கள் படகு ஓட்ட, இயேசு அதில் தூங்குகிற பைபிள் பகுதி. மூன்று தலைப்பு, ஒரு கதை, முடிவுரை — எல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். உடம்பெல்லாம் அசதி.

ஜூன் 10, செவ்வாய்
டிரைவர் பேசிக் காட்டினார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குரலை இழுப்பது, பீடத்தைத் தட்டுவது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது — அவர் கண்ணாடியே போடுவதில்லை! நடுநடுவே நான் இருமுவது போலவே இருமல் வேறு. பின்னால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"இருமல் எதுக்குய்யா?" என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"நான் கேட்ட பிரசங்கம் உங்களோடது மட்டும்தான் ஐயா. வேற எப்படிப் பேசணும்னு எனக்கு யாரு காட்டினா?"

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

ஜூன் 13, வெள்ளி
இன்றும் அதே கதை. வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினேன். டெய்லர் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வாயைத் திறந்தா எங்க வாய் தானா மூடிக்குது."

கோபம் வந்தது. உண்மைதானோ? யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

ஜூன் 17, செவ்வாய்
கட்டியை எடுத்தாயிற்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுதித்தான் காட்ட வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி
கடைசிப் பயிற்சி. டிரைவர் வரிக்கு வரி என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கோ திருத்த வாயில்லை. முகம் சும்மா இருக்க மாட்டேனென்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு முதுகுக்குப் பின்னால், "அந்த மூணு தலைப்பும் எனக்கு வராது ஐயா. அதை விட்டுட்டுப் பேசறேன்."

தலைப்பில்லாமல் என்ன பேசுவார்? ஞாயிறன்று செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆண்டவரே, நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு
கடைசிப் பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தேன். டிரைவர் பீடத்தில் ஏறினார். இருமவில்லை. தட்டவில்லை. ஸ்டாப்பில் நிற்கிற ஆளிடம் பேசுவது மாதிரி ஆரம்பித்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தால் எல்லாரும் கடைசிப் பாட்டுக்கு எழுந்து நிற்கிறார்கள். மனைவி என் தோளை உலுக்குகிறாள். மானம் போயிற்று! பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை எத்தனை முறை பேர் சொல்லி எழுப்பியிருப்பேன்.

வாசலில் செயலாளர் டிரைவரின் கையை விடாமல், "அடுத்த வாரம் அக்காதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய கோயிலைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் ஒரு சீட்டில் "தூங்கிவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதி டிரைவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அப்படிச் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், என்னதான் பேசினார் என்று மனைவியிடம் எழுதிக் கேட்டேன்.

"'என் வண்டியில யாராவது தூங்கினா எனக்குச் சந்தோஷம். ஓட்டுறவன் மேல நம்பிக்கை இருந்தாத்தானே தூக்கம் வரும்? இயேசுவும் சீஷங்களை நம்பித்தான் படகுல தூங்கினார்'னாரு. அப்பத்தான் உங்க குறட்டை கேட்டுச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் எழுப்பப் போனேன். 'வேணாம்மா, ஐயா தூங்கட்டும்'னு பீடத்துல இருந்தே சொல்லிட்டாரு."