திருவோணத்தன்று மடித்த இலை

ஒற்றப்பாலம்,
உத்திரட்டாதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள விநயனுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் மனைவியும் நன்றாகவே இருக்கிறோம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். உன்னையும் குருவாயூரப்பன் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை, கனடாவில் நாள்காட்டி கிடைக்காதா? இங்கே நாலு நாளாக மழை, முற்றத்துப் பூக்களம் கரைந்து சாணத்தோடு ஓடிவிட்டது. ஓணம் நன்றாக நடந்தது என்று ஸ்மிதா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். நடக்கவில்லை. அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

பூக்களம் தொடங்கும் அத்தம் நாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து வேலியோரம் தும்பைப் பூ பறித்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் ஒரு வட்டம், மறுநாள் இரண்டு என்று நான் சொன்னதைக் காகிதத்தில் குறித்துவைத்துக்கொண்டு செய்தாள். ஒடியா தேசத்துப் பெண் இவ்வளவு கருத்தாகச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. உன் அச்சன் போன துக்கத்தில் போன வருஷம் ஓணம் கிடையாது, அதனால் இந்த ஓணத்தில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். அச்சனின் அக்கா கல்யாணி ஓப்போளையும் அவர்கள் வீட்டாரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேருக்கு இலை போட்டோம். ஸ்மிதா பாலடைப் பிரதமனை இலையிலேயே வாங்கினாள், அது ஓடுவதற்குள் கையால் வழித்து வழித்து அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து ஓப்போள், "மெதுவாடி குட்டி, பாயசம் ஓடிப்போனா ஆள் விட்டுப் பிடிச்சுக்கலாம்" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் இலையை மடித்தாள். தன் பக்கமாக அல்ல, சாவுச் சாப்பாட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக.

ஓப்போள் மார்பில் கை வைத்து, "ஐயோ, இது யாருக்குப் பதினாறாம் நாள்?" என்றார்கள். ஓப்போளின் பேத்தி ஏழு மாசக் கர்ப்பம், அடுத்த இலையில்தான் இருந்தாள், அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நான் சும்மா இருந்திருக்கலாம், இல்லை, எட்டிக் கை நீட்டி அந்த இலையைத் திருப்பி மடித்திருக்கலாம். பதினெட்டுப் பேர் முன்னால், "உங்க வீட்ல உனக்கு ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலையா? இந்த வீட்ல இன்னொரு சாவு விழணுமா?" என்று கேட்டேன்.  ஸ்மிதா தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றுமுதல் தட்டில்தான் சாப்பிடுகிறாள். இலை அறுத்துப் போட்டால் கழுவித் துடைத்து, "இது உங்களுக்கு இருக்கட்டும், அம்மா" என்று என்னிடமே தந்துவிடுகிறாள். பணிவாகத்தான் தருகிறாள், அதுதான் தாங்கவில்லை. விசா வரும்வரை இங்கே இருப்பதாகப் பேச்சு, இப்போது ஞாயிற்றுக்கிழமை கட்டக்கில் அவள் அம்மா வீட்டுக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

இன்று மத்தியானம் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படி மடிக்க உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன், அதையும் அதட்டலாகத்தான் கேட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "நீங்கதான் அம்மா. அச்சனோட பதினாறு அன்னிக்கு உங்க பக்கத்துலதான் உக்காந்தேன். நான் மடிக்கத் தெரியாம பாத்துக்கிட்டிருந்தப்ப, அந்தப் பக்கமா மடின்னு சொன்னீங்க. நான் அதுக்கு முன்னாடி இலையில சாப்பிட்டதே இல்ல. அன்னிக்கு முழுக்க நீங்க என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான், அதான் மறக்கல."

உண்மை, விநயா. எனக்கு அந்த நாளில் வேறெதுவும் நினைவில்லை, ஆனால் அவள் கையைப் பிடித்து இலையைத் தள்ளி மடிக்கவைத்தது நினைவிருக்கிறது. சாவுக்கு எப்படி என்று சொன்ன நான் ஓணத்துக்கு எப்படி என்று சொல்லவில்லை. பூவுக்குக் கணக்குச் சொன்னேன், வாழைக்காய் உப்பேரி இலையில் எந்த மூலையில் என்று சொன்னேன், இதைச் சொல்லத் தோன்றவில்லை. தவறு செய்தால் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் படித்த கான்வென்ட்டில் பத்து வருஷம் பழக்கினார்கள். எழுந்து நின்றதோடு சரி. அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நாளைக்கு ஓப்போளை மறுபடி சாப்பிட வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் காதில் விழத் திட்டியதை அவர்கள் காதில் விழவே திருப்பி எடுக்க வேண்டும். ஓப்போள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஸ்மிதா இலையில் உட்காருவாளா என்று தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் எந்த ஊரில் இருப்பாள் என்றும் தெரியாது. நீ நடுவில் புகுந்து அவளைச் சமாதானம் செய்யாதே, நான் செய்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும். ஒருவேளை கட்டக் போய்விட்டால் அவள் அம்மாவின் விலாசத்தை மட்டும் தெளிவாக எழுதி அனுப்பு, பின்கோடு விடாமல். எனக்கு ஒடியா தெரியாது, ஆனால் ரயிலில் ஏறத் தெரியும்.

குளிர் தொடங்கும் முன் கம்பளியை வெயிலில் போடு. நீயும் அவளும் ஒரே கூரையின் கீழ் நெடுநாள் வாழ என் ஆசி. இனி எழுதும்போது தேதி போடு.

உன் அம்மா,
ரத்னவல்லி