வெட்டிப் பார்க்கப்படாத ஆயில் ஃபில்டர் குறித்தும், அதற்காகப் பூட்டப்பட்ட என் தம்பியின் பட்டறை குறித்தும்

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் பெண்,
பூட்டப்பட்ட கார் பட்டறைக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உயர்திரு உரிம அலுவலர் அவர்கள்,
வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் பிரிவு.

பொருள்: மட்டமான ஆயில் ஃபில்டர் மீது நான் கொடுத்த புகார், அதைப் பொருத்திய என் தம்பியின் மீதான புகாராக மாற்றப்பட்டது – ஃபில்டரை வெட்டிப் பார்த்துப் பட்டறையைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவள். வண்டியைப் பார்த்துக்கொள்வது என் உடன்பிறந்த தம்பி. அவன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்த சில வாரங்களிலேயே, பாலத்தில் ஏறும்போது ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் சீஸ் ஆகி, உள்ளே இறுகிப்போய் நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். நல்ல வேளையாக அவருக்கு வேறு வண்டி கிடைத்தது. தம்பி இன்ஜினைப் பிரித்தபோது, ஆயில் போகும் துளைகளில் ஊறிப்போன காகிதமும் அட்டைத் துணுக்குகளும் அடைத்திருந்தன. இன்ஜினுக்குள் அட்டை வருவதற்கு ஃபில்டரை விட்டால் வேறு வழி கிடையாது.

2. எனவே ஃபில்டர் மீது புகார் எழுதிக்கொண்டு தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். மனு வாங்கும் எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "ஃபில்டர் மேலெல்லாம் புகார் வாங்க முடியாதும்மா, ஆள் மேலதான் வாங்க முடியும். யார் மாட்டினது?" என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னேன். அடுத்து வந்தவர்கள் தங்கள் ஆட்கள். "வாகன உரிமையாளரின் புகாரின் பேரில்" என்று எழுதிய அறிவிப்பைக் கதவில் ஒட்டி, தம்பியின் பட்டறைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். ஐயா, அந்த வாகன உரிமையாளர் நான்தான். அப்படி ஒரு புகாரை நான் கொடுக்கவே இல்லை.

3. பூட்டுவதற்கு முன் ஆய்வு நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய ஃபில்டரைத் தம்பி ஒருபோதும் உடனே வீசமாட்டான். ஒரு டின்னின் மேல் கவிழ்த்து வைத்து, ஆயில் முழுக்க வடிந்த பிறகே எறிவான். அந்தப் பழக்கத்தால், என் வண்டியில் முன்பு ஓடிய நல்ல ஃபில்டரும் டின்னின் மேல் கவிழ்ந்தபடி கிடைத்தது. வெட்டினால் ஆதாரம் கெட்டுவிட்டது என்பார்களோ என்று பயந்து, அதையும் இன்ஜினைக் கெடுத்ததையும் முழுசாகவே ஒப்படைத்தோம். தங்கள் ஆய்வாளர், மேசை பிசுக்காகிவிடும் என்று முதலில் இரண்டையும் மண்ணெண்ணெயில் அலசச் சொன்னார். பிறகு ஸ்கேல் வைத்து உயரம் அளந்தார். மரையில் போல்ட்டை விட்டுத் திருகிப் பார்த்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, கலர்தான் வேற" என்றார். ஆய்வு முடிந்தது. ஃபில்டரின் வேலை முழுவதும் அந்தத் தகர டப்பாவின் உள்ளே நடக்கிறது என்பது ஆய்வாளர் அறியாததல்ல. ஆனாலும் உள்ளே பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

4. திருப்பித் தந்ததும் நாங்களே வெட்டினோம். முன்பு ஓடிய ஃபில்டரின் காகிதம் நெருக்கமான, சீரான மடிப்புகளோடு இருந்தது. இரு முனைகளிலும் தகர மூடி. நடுக்குழாய் விரலால் அழுத்தினால் நெளியவில்லை. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வளையம், இவ்வளவு ஓடியும் மிருதுவாக இருந்தது. இன்ஜினைக் கெடுத்ததில் மடிப்புகள் பாதிகூட இல்லை. இருந்தவையும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. மூடி வெறும் அட்டை. பசையை ஒரு பக்கம் தடவிவிட்டு மறுபக்கத்தை மறந்திருக்கிறார்கள். அட்டை கிழிந்து, வடிகட்டாத ஆயில் நேராக நடுக்குழாய்க்குப் போக வழி திறந்து கிடந்தது. ரப்பர் வளையத்தை வளைத்தேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. இதை விற்ற உதிரிபாகக் கடைக்காரர் தம்பியிடம், "எல்லாம் அதே கம்பெனிதான் தம்பி, டப்பாவை மட்டும் மாத்தியிருக்காங்க" என்று சொல்லி விற்றாராம். அவர் கடை இன்றும் திறந்திருக்கிறது. வியாபாரம் அமோகம்.

5. இந்தப் பத்தி மனுவுக்குத் தேவையில்லாதது என்று தாங்கள் கருதலாம். எனக்குத் தேவை. தம்பி மனைவி என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது, "புகார் எழுத உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா, அண்ணி?" என்பதுதான். அறிவிப்பில் உரிமையாளர் என்றுதானே இருக்கிறது. அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள். தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பூட்டிய பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

6. ஆகவே, அதே கடையில் வாங்கிய, பிரிக்காத புதிய ஃபில்டர் ஒன்றை இத்துடன் வைத்துள்ளேன். அலசாமல், தட்டாமல், என் முன்னிலையில் அதை வெட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நான் கொடுக்காத புகாரை ரத்து செய்து, பட்டறையைத் திறந்துவிடவும், விற்ற கடையின் மீது நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஃபில்டர் மீது புகார் வாங்க வழியில்லை என்றால், ஒரு வழி செய்துகொள்ளுங்கள்.

7. கடைசியாக ஒன்று. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. தம்பி வற்புறுத்தியதால் எழுதுகிறேன். நேற்றுக் காலை தங்கள் அலுவலக வாசலில் நாங்கள் காத்திருந்தபோது, தங்கள் ஜீப்பை ஓட்டுநர் ஸ்டார்ட் செய்தார். எடுத்தவுடன் கடகடவென்று சத்தம் வந்து, பிறகு அடங்கியது. ஃபில்டரில் ஆயில் நிற்காமல் வடிந்துபோனால் இப்படித்தான் கேட்கும் என்றான் தம்பி. ஓட்டுநரிடம் விசாரித்தோம், ஃபில்டர் அதே கடையில் வாங்கியதுதான். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். அவனோ, "பாவம்க்கா, தூரம் தொலைவு போற மனுஷன். நடுவழியில நின்னுடப் போவுது. மனுவுலயாவது எழுதிடு" என்றான். எழுதிவிட்டேன். அதை மாற்றிக்கொடுப்பது அவனுக்குச் சின்ன வேலை, தானே செய்து தருவதாகவும் சொல்கிறான். ஆனால் அவனுடைய ஸ்பேனர்கள் எல்லாம் தங்கள் முத்திரை வைத்த பூட்டுக்கு உள்ளே இருக்கின்றன.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கொடுக்காத புகாரின் புகார்தாரர்,
பட்டறைக்காரனின் அக்கா.

இடம்: பட்டறை வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை

இணைப்பு: வெட்டிய ஃபில்டர்கள் இரண்டு, பிரிக்காதது ஒன்று.