அப்பா மூன்று பேருக்குக் கொடுத்த கடை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே நல்லபடியாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அப்பா போனதிலிருந்து தையல் கடை பூட்டியே கிடக்கிறது. பெரியவன் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோய்விட்டான், நான் இருக்கிற மாடியையும் சேர்த்து விற்கப் போகிறானாம். அவர் உயில் எழுதவில்லை. எப்படி எழுதுவார், யாரிடமும் இல்லை என்று சொல்ல வாய் வராத மனுஷன். வருகிறவர்களிடம் எல்லாம் “நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்” என்பார், மறுநாள் எல்லோரும் வந்து நிற்கும்போது பின்பக்கமாக டீ குடிக்கப் போய்விடுவார், திட்டு வாங்குவது நான். கடையையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். கட்டிங் டேபிள் பக்கத்தில் நிற்க வைத்துப் பெரியவனிடம் “இது உனக்குத்தான்டா” என்றாராம். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன்னிடமும் அதையே சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசிவரைக்கும் அங்கேயே இரு, அது உன்னோடது” என்றார். பாவி மனுஷன், மூன்று பேரிடமும் மனசாரத்தான் சொன்னார்.

போன வாரம் வக்கீலிடம் போனோம். அப்பாவின் மனைவிக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும்தான் பங்கு, நீ என் முதல் கல்யாணத்துப் பிள்ளை என்பதால் உனக்கு ஒன்றும் கிடையாது என்றார். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்பாதானே. பெரியவன், “அப்பா யாருக்குத் தர்றதா சொன்னாருன்னு இவங்களே சொல்லட்டும், ஒத்துக்கறேன்” என்றான். நான் உள்ளதைச் சொன்னேன், மூன்று பேருக்கும் என்று. அவன் வக்கீலிடம் திரும்பி, “அப்பாவோட ரெண்டாவது சம்சாரம், தன் பிள்ளைக்காக வேற எப்படிப் பேசுவாங்க” என்றான். நான் இந்த வீட்டுக்குள் வந்தபோது அவன் பால்பல் விழாத, தாயில்லாத பிள்ளை. அந்த வாரமே என்னை அம்மா என்று கூப்பிட்டவன். காய்ச்சல் வந்தால் என் மடியை விட்டு இறங்க மாட்டான், நீ இடம் கேட்டு அழுவாய்.

வீடு போனால் போகட்டும், அவன் போய்விடக் கூடாது என்று நினைத்து, என் பங்கும் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். திட்டாதே. இனிமேலாவது அம்மா என்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்றான்.

அவனோடு சண்டைக்குப் போகாதே, அவனுக்கும் அப்பா இல்லை. வேளைக்குச் சாப்பிடு, நீயும் உன் வீட்டிலுள்ளவர்களும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், எங்கே என்று இன்னும் தெரியவில்லை. இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா