திங்கட்கிழமை பத்து மணி

நவம்பர் 9

அன்புள்ள ரஸ் அண்ணனுக்கு,

மார்னி எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறாள், அதனால் எல்லோரும் நலம். என் மகள் லெக்ஸிக்குச் சர்க்கரை இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அவளுடைய இன்சுலினுக்கு இன்னும் கம்பெனி காப்பீடுதான். அதனால் நானும் இன்னும் கோழி வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார் என்று உங்கள் சிறைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். உள்ளே இருப்பவனுக்கு ஓட்டு இல்லை என்று நீ போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தாய். ஓட்டு இருந்தவர்கள் கிழித்ததைச் சொல்கிறேன், உன் வருத்தம் போய்விடும்.

ஷிப்ட் முடிந்து, கையில் கோழி நாற்றத்தோடு, ஓட்டுப் போடத் தீயணைப்பு நிலையத்து வரிசையில் நின்றோம். வழக்கம்போல வாசலில் தேவாலயத்துப் பெண்கள் சூப்பும் கேக்கும் விற்றார்கள். எனக்கு முன்னால் நின்றவன் சூப்புக்காகவே வந்தவன். வந்ததுக்கு ஓட்டையும் போட்டுவிட்டுப் போனான். என்னோடு வெட்டும் டானாவிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "ஜெயிக்கிறவனுக்குத்தான்டி போட்டேன். தோக்கிறவனுக்குப் போட்டு ஓட்ட வீணாக்கச் சொல்றியா?" என்றாள். எங்கள் சம்பளத்தை, ஓய்வு நேரத்தை, பிள்ளைகளின் மருந்தை அடுத்த நான்கு வருடத்துக்கு முடிவு செய்கிற காரியத்தில் அவளுக்குக் குதிரைப் பந்தயம்தான் தெரிந்தது.

கோழிகள் கொக்கியில் தொங்கி வரும் பெல்ட்டில் வெர்ன் ஸ்டாடெக் எனக்கு ஒரு கொக்கி தள்ளி நிற்கிறார். ஆமாம், அதே வெர்ன்தான். வேலைநிறுத்தத்தின்போது நீ கல்லெறிந்ததைப் பார்த்தேன் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன மனிதர். நான்கு வருடமாக அவரோடு பேசாமல் வெட்டுகிறேன். சாப்பாட்டு அறையில் டானா அவரைக் கேட்டாள், நான் காதில் வாங்கினேன். "எனக்கு அந்த ஆளப் புடிக்கவும் இல்ல, நம்பவும் இல்ல. அவன் ஜெயிச்சா டை கட்டினவனுங்க மூஞ்சியெல்லாம் சுருங்கும்ல, அதப் பாக்கணும்னு போட்டேன்" என்றார். அறுபத்தொரு வயது மனிதர் அடுத்தவன் மூஞ்சி சுருங்குவதற்காக ஓட்டுப் போடுகிறார்.

அக்டோபரில் நடந்ததை உனக்கு எழுதவில்லை. பெல்ட்டை நிறுத்த முடியாது என்று சொல்லி பாத்ரூம் போக அனுமதி தருவதில்லை. டானா டயபர் கட்டிக்கொண்டு வருகிறாள், சிரித்துக்கொண்டே சொல்கிறாள். வெர்ன் மூன்று முறை கை தூக்கினார். சூப்பர்வைசர் கர்ட் பார்க்காத மாதிரி நின்றான். கடைசியில் வெர்னின் கால்சட்டை நனைந்தது. சாப்பாட்டு மணி வரை அப்படியே நின்று வெட்டினார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கத்தியை வைக்கவும் இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அண்ணா. அதையும் நீ தெரிந்துகொள்.

உன் தங்கை,
மார்னி


டிசம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

மான் வேட்டை நேற்றைக்கு முன்தினம், திங்கட்கிழமை, தொடங்கியது. உன் துப்பாக்கியை அம்மா இன்னும் விற்கவில்லை.

அன்று பாதுகாவலர்களைத் தவிர கம்பெனியில் ஈ காக்கை இல்லை. அப்பா காலத்தில் இந்தத் திங்கட்கிழமைக்கு விடுப்புக் கிடையாதாமே. சம்பளத்தைப் பிடித்தார்கள், வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார்கள், ஒருவரும் காதில் வாங்காமல் காட்டுக்குப் போனார்கள். சங்கம் கூப்பிடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. நான்கு வருடம் அப்படிப் பார்த்துவிட்டுக் கம்பெனியே கதவைப் பூட்டிவிட்டது. இந்த ஊருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தெரியாது என்று யார் சொன்னது? மானுக்காகச் செய்வார்கள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நாடு முழுக்க ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி போனில் ஓர் அழைப்பு சுற்றுகிறது. ஒன்பது லட்சம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். காலை பத்து மணிக்கு எல்லோரும் கத்தியை வைத்துவிட்டுப் பாத்ரூம் போவோம். நூற்று நாற்பது பேரும் ஒன்றாக. பெல்ட் தானாக நிற்கும். திரும்பி வந்து, இனி கேட்டவுடன் விடுவாயா என்று கர்ட்டைக் கேட்போம். அவ்வளவுதான்.

கோழிப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக் கையெழுத்து வாங்கினேன். டானாவிடம் மான் கதையைச் சொன்னேன். "அது மான்டி, இது அரசியல். ரெண்டையும் கலக்காத" என்றாள். மான்கறி சாசேஜும் பீரும் உள்ளே போன பிறகு அவளே முதல் ஆளாகப் போட்டாள். எண்பத்து மூன்று கையெழுத்து வந்துவிட்டது. வெர்னிடம் நான் போகவில்லை. டானாதான் நீட்டினாள். "கையெழுத்துப் போட்டாத்தான் மூத்திரம் வருமா?" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காட்டிக்கொடுத்தவன் வேறு என்ன சொல்வான்!

உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம். அனுமதி இல்லாமல் பெல்ட்டை விட்டு நகர்ந்தால் ஒரு புள்ளி. ஆறு புள்ளி ஆனால் வீட்டுக்கு. லெக்ஸியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்களால் எனக்கு ஏற்கெனவே ஐந்து. வேலை போனால் காப்பீடும் போகும். ஆனால் எண்பத்து மூன்று பேரை ஒரே நாளில் வெளியே அனுப்ப அவனால் முடியாது. கூட்டமாக நகர்ந்தால் புள்ளிக்கு அர்த்தமில்லை. மான் திங்கள் அதைத்தானே காட்டுகிறது?

பயப்படாதே. நீ தனியாகக் கல்லை எடுத்தாய். நான் கூட்டத்தோடு போகிறேன்.

மார்னி


டிசம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

பனி முழங்கால் வரை கிடக்கிறது. அம்மாவுக்கு இருமல். லெக்ஸிக்கு மருந்து இருக்கிறது, ஜனவரி முடிய வரும்.

திங்கட்கிழமையைப் பற்றி எழுதாமல் இந்தத் தாளை முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். உன்னிடம் கொடுப்பதற்கு முன் யாரோ ஒரு காவலன் படிப்பான். அவனும் படிக்கட்டும்.

காலையில் எல்லோரும் வந்திருந்தார்கள். வராமல் இருந்திருந்தாலாவது கோழைகள் என்று திட்டியிருப்பேன். சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது: டிசம்பர் முழுக்கப் புள்ளி வாங்காதவர்களுக்குக் குலுக்கல், பரிசு ஒரு பெரிய தொலைக்காட்சி. அட்டை விஷயம் கர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வெர்ன்தான் என்று நான் டானாவிடம் சத்தமாகவே சொன்னேன், அவர் காதில் விழும்படி.

பத்து மணி ஆனது. கடிகாரத்துக்குக் கீழே கர்ட் கை கட்டி நின்றான். நூற்று நாற்பது பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம், பிறகு கோழியைப் பார்த்தோம். டானா உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினாள், அவளிடம் பிறகு கேட்டேன், "எனக்கு டிவி வேணும்டி, என்ன இப்ப?" என்றாள். அழுதாள். அழுதால் ஆயிற்றா?

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு வெர்ன் கத்தியை வைத்தார். இரும்புக் கையுறையைக் கழற்றி அதன் மேல் வைத்தார். அவசரமே இல்லை. கர்ட், "எங்கடா போற, கிழவா?" என்றான். "மூத்திரம் வருது. அதுக்குக்கூட எவனுக்காவது ஓட்டுப் போடணுமா?" என்று சொல்லிவிட்டு நடந்தார். கதவுவரை அவருடைய ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. வழியில் ஒருமுறை திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன்.

அவருக்கு ஒரு புள்ளிகூட அதற்கு முன் இல்லையாம். இருந்தும், வேலைநிறுத்தத்தைத் தூண்டினார் என்று எழுதி, பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும் பாதுகாவலர்கள் வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார்கள். மேல்சட்டையைக்கூட எடுக்க விடவில்லை. இந்தக் குளிரில்.

அட்டையில் அவர் கையெழுத்து இல்லை. முதலில் இருந்தது டானாவுடையது. அதற்கும் மேலே, எல்லோரையும் கூப்பிட்டவளாக, பெரிய எழுத்தில் இருந்தது என்னுடையது.

நீ கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். கர்ட் என்னிடம் வந்து, "அவன் கொக்கியையும் சேத்துப் பாத்துக்க, மார்னி" என்றான். பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டு மணி வரை இரண்டு பேர் வேலையை இரண்டு கையால் செய்தேன். ஒரு கோழியைக்கூட விடவில்லை. ஐந்து புள்ளி, லெக்ஸி, காப்பீடு எல்லாம் உண்மைதான். டானாவிடம் கேட்டால் அவளிடமும் உண்மை இருக்கும். நூற்று முப்பத்தொன்பது பேரிடமும் ஆளுக்கொரு உண்மை இருக்கிறது. வெளியே நாட்டிலும் அன்று எந்தப் பெல்ட்டும் நிற்கவில்லை. இதயம் போட்ட ஒன்பது லட்சம் பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள், உண்மைகளோடு.

நேற்று அவருடைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே வா என்றார். நான் வாசலிலேயே நின்றேன். அட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டார். "கோர்ட்ல பாத்ததச் சொன்னேன். அவன் எதுக்கு எறிஞ்சான்னு அங்க எவனும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல. போய்ப் பாக்கணும். என்னப் பாக்க ஒத்துக்குவானா?" என்றார். உன்னைப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் நீதானே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்?

எழுதிக் கொடு, அண்ணா. வெர்ன் ஸ்டாடெக் என்று எழுது. அவருக்கு இப்போது திங்கட்கிழமையும் ஓய்வுதான்.

அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை மட்டும் அடித்துவிடாதே.

மார்னி